காரைதீவு வரைக்கும் ஓடினோம்

போரில் கால் போனவர்களுக்குக் காசு சேர்க்க மரதன் ஓடப்போகிறோம் என்று மட்டக்களப்பில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், முதல் கேள்வியே "எந்தப் பக்கத்து ஆக்களுக்கு?" என்றுதான் வரும். எவ்வளவு தூரம், எப்போது, காசை யார் வைத்திருக்கிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. கேட்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். இந்த மாவட்டத்தில் இயக்கத்தில், அதாவது புலிகளில், இருந்து கால் போனவரும் இருக்கிறார், பொலிசில் இருந்து போனவரும் இருக்கிறார், எந்தப் பக்கத்திலும் இல்லாமல் விறகு பொறுக்கப் போன இடத்தில் மிதிவெடியில் போனவரும் இருக்கிறார், அம்பாறைப் பக்கம் உகணை, மகாஓயா என்று போனால் ஆமியில் இருந்து போனவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே உண்டியல் என்றால் ஒருவருக்கும் முழு விருப்பம் வராது. நாங்கள் ஒரே உண்டியல்தான் வைத்தோம். அதனால் வராமல் போன காசும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

யோசனை லண்டனில் இருந்து வந்தது. மாமாவின் மூத்த மகன், என் மச்சான், தொண்ணூறுகளில் இங்கிருந்து போனவன். திடீரென்று ஒரு நாள் வட்ஸ்அப்பில் வந்து, காயப்பட்ட பிரித்தானியப் படையினருக்காக லண்டன் மரதன் ஓடப்போகிறேன் என்றான். சிரிப்பு வந்தது. ஆமிக்குப் பயந்து நாட்டை விட்டுப் போனவன் இன்னொரு நாட்டு ஆமிக்காக ஓடுகிறான் என்றால் சிரிக்காமல் என்ன செய்வது? அவன் கோபிக்கவில்லை. கூட வேலை செய்கிறவன் ஆப்கானிஸ்தானில் ஹெல்மண்டில் இரண்டு காலையும் விட்டுவிட்டு வந்தவனாம், பகல் சாப்பாடு இருவரும் ஒரே மேசையில்தானாம். அதற்கு மேல் விளக்கம் சொல்ல அவனுக்கு அவசியம் இருக்கவில்லை.

லண்டன் மரதன் 1981 இல் தொடங்கியது. ஓட விரும்புகிறவர்கள் இடத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் சீட்டுக் குலுக்கித்தான் இடம் கொடுப்பார்கள். அது கிடைக்காதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. தொண்டு நிறுவனங்கள் முன்கூட்டியே இடங்களை வாங்கி வைத்திருக்கும், 2000 பவுண் அளவில் சேர்த்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொள்கிறவருக்கு அந்த இடம் போகும். ஈராக், ஆப்கானிஸ்தான் சண்டைகள் நடந்துகொண்டிருந்தபோது, 2007 இல், ஹெல்ப் ஃபோர் ஹீரோஸ் என்ற அமைப்பு அங்கே தொடங்கப்பட்டது. அது மாதிரியானவற்றுக்குச் சனம் ஓடியும் சைக்கிள் மிதித்தும் காசு சேர்த்துக் கொடுக்கிறது. உண்மையில் அந்த நாட்டுக்கு இது புதுப் பழக்கமும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் முள்ளந்தண்டு அடிபட்டவர்களைப் பார்த்துவந்த லுட்விக் குட்மான் என்ற வைத்தியர், 1948 இல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே ஜூலை 29 ஆம் திகதி, ஸ்ரோக் மண்டவில் ஆஸ்பத்திரி வளவில் சக்கர நாற்காலியில் இருந்த 16 பேரை அம்பு எய்யவிட்டுப் போட்டி வைத்தார். அவர்கள் எல்லாருமே படையில் இருந்து காயப்பட்டவர்கள், அதில் இரண்டு பேர் பெண்கள். பராலிம்பிக் அங்கிருந்து வளர்ந்ததுதான்.

மச்சான் ஓடி முடித்தான். முடித்த கையோடு, "நீயும் அங்க ஓடன்டா, ஆள் இல்லாமயா கிடக்கு" என்றான்.

ஆள் இல்லாமல் இல்லை. என் தம்பி செயற்கைக் கால் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறான். படிப்பிக்கும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சில நாள் அங்கே போய் இருப்பேன். வாசலில் ஒரு நீள வாங்கு கிடக்கும். படுவான்கரையில் இருந்து வரும் ஒரு அண்ணன், இயக்கத்தில் இருந்து முழங்காலுக்குக் கீழே போனவர், வயல்காரர். ஏறாவூரில் இருந்து ஒரு காக்கா, பொலிசில் இருந்தவர். வாகரைப் பக்கத்து அக்கா ஒருவர், மிதிவெடி. உகணையில் இருந்து வரும் ஒரு சிங்கள ஐயா, ஆமி, முழங்காலுக்கு மேலே போனது. காத்திருக்கும் நேரத்தில் இவர்கள் பேசிக்கொள்வது எல்லாம் வியர்வை, புண், பஸ்ஸில் ஏறும் படியின் உயரம், மழைக்குள் ஊன்றுகோல் வழுக்குவது பற்றித்தான். ஒரு முறை உகணைக்காரர் தன்னுடைய போனில் தினேஷ் பிரியந்த ஹேரத்தின் வீடியோவை எல்லாருக்கும் காட்டினார். போரில் கை காயப்பட்ட ஆமிக்காரர், டோக்கியோ பராலிம்பிக்கில் 67.79 மீற்றர் ஈட்டி எறிந்து உலக சாதனையோடு தங்கம் எடுத்தவர். அதற்கு முன்பு 2012 இல் லண்டனில் 400 மீற்றர் ஓடி வெண்கலம் எடுத்து, பராலிம்பிக்கில் இலங்கைக்கு முதல் பதக்கம் கொண்டுவந்த பிரதீப் சஞ்சயவும் ஆமிதான். படுவான்கரை அண்ணன் வீடியோவை முழுதாகப் பார்த்துவிட்டு, "எனக்கும் கை ரெண்டும் நல்லாத்தான் இரிக்கு, எறியச் சொல்லித் தர ஆள்தான் இல்ல" என்றார். தம்பி அதை அரைகுறைச் சிங்களத்தில் சொல்ல, உகணைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்த வாங்கில் பக்கம் பிரிப்பது என்றால் நடுவில் கோடு கீறித்தான் பிரிக்க வேண்டும். நான் கீறப்போவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. எல்லாருடைய நிலையும் ஒன்றில்லை. ஆமிக்காரருக்கு இராணுவ ஆஸ்பத்திரி இருக்கிறது, றாகமையில் காயப்பட்ட படையினருக்கான ரணவிரு செவன இருக்கிறது. இயக்கத்தில் இருந்தவருக்குப் பின்னால் ஒரு கந்தோரும் இல்லை, தன்னைக் காயக்காரர் என்று எழுதிக் கொடுக்கவே யோசிப்பார். அதே நேரம் ஆமிக்காரருக்கு எல்லாம் கிடைத்துவிட்டது என்று நினைப்பதும் சரிவராது. 12 வருட சேவை முடிய முன்பு காயப்பட்டு விலகியவர்கள் ஓய்வூதியம் கேட்டு 2016 இல் கொழும்பில் றோட்டில் இருந்தார்கள், ஊன்றுகோலோடும் சக்கர நாற்காலியோடும். இதை நான் சொன்னபோது எங்கள் சொந்தத்தில் பெரியம்மா முறையான ஒருவர் எழும்பி உள்ளே போய்விட்டார். 1990 செப்டெம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமில் இருந்து ஆமி கூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வராத 158 பேரில் அவவின் தம்பியும் ஒருவர். பிறகு வெளியே வந்து, "நீ ஓடு மனே, உன்னைய நான் மறிக்கல்ல, ஆனா எண்ட காசில ஆமிக்குக் கால் போடாத" என்றா. சரி பெரியம்மா என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? தனிக் கணக்கு வைத்து உங்கள் காசை இன்னாருக்கு மட்டும் கொடுக்கிறோம் என்று சொல்லியிருந்தால் அவ தந்திருப்பா. காத்தான்குடியில் ஒரு கடைக்காரரும் தந்திருப்பார், அவருடைய வாப்பா 1990 ஓகஸ்ட் 3 ஆம் திகதி இயக்கம் பள்ளிவாசலுக்குள் சுட்டபோது அங்கே தொழுகையில் நின்றவர். "இயக்கத்தில இருந்தவருக்கும் குடுப்பீங்களா?" என்று கேட்டார். ஓம் என்றேன். கைலேஞ்சியை மடித்துப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு அடுத்த வாடிக்கையாளரைப் பார்த்தார். அவருடைய நியாயம் அவருக்கு. ஒரே உண்டியல் என்ற முடிவை நான் மாற்றவில்லை, இன்றைக்கும் மாற்றமாட்டேன், ஆனால் அதைப் பெரிய மனசு என்று யாரும் புகழ்ந்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் என் வீட்டில் அப்படி ஒருவரும் போகவில்லை.

இனிக் காசு எதற்கு என்ற விஷயம். நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைத்தான்.

கால் கொடுப்பது என்றால் சனத்தின் மனதில் ஒரு படம் இருக்கிறது. மேடை, மாலை, புதுக் காலைப் போட்டு ஒருவர் நாலடி நடக்க எல்லாரும் கைதட்டுவது. அதோடு முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். பட்டறையில் ஒரு மாதம் இருந்து பார்த்தால் தெரியும், அது தொடக்கம் மட்டும்தான். மிஞ்சியிருக்கும் கால் ஒரே அளவில் நிற்பதில்லை. முதல் வருடத்தில் வற்றும், உடம்பு வைத்தால் பெருக்கும், காலையில் ஒரு அளவு பின்னேரம் ஒரு அளவு. அதை வாங்கிக்கொள்ளும் கிண்ணம், சொக்கட் என்பார்கள், நேற்றுச் சரியாக இருந்தது இன்றைக்கு ஆடும், ஆடினால் உராயும், உராய்ந்தால் புண். எங்கள் ஊர் வெயிலுக்குள் வியர்வை வேறு. புண் வந்தால் காலைக் கழற்றி வைத்துவிட்டுக் கிழமைக் கணக்கில் வீட்டில் இருக்க வேண்டும், கூலிக்குப் போகிறவருக்கு அது அத்தனை நாள் சம்பளம். உள்ளே போடும் உறைகள் தேயும், பட்டி அறும், பாதம் வெடிக்கும். நல்லாகப் பார்த்து வைத்திருந்தாலும் வளர்ந்தவர் ஒருவரின் கால் மூன்று முதல் ஐந்து வருடம் வரைதான் தாங்கும். கணக்கு வாத்தியார் என்ற முறையில் சொல்கிறேன், 25 வயதில் காயப்பட்டவர் 70 வரை இருந்தால் ஒன்பது முதல் பதினைந்து கால் வரை தேவை. முதல் காலைக் கொடுக்க ஆள் இருக்கும். ஏழாவது காலுக்கு யாரும் மாலை போடுவதில்லை.

ஜெய்ப்பூர் கால் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1968 இல் ஜெய்ப்பூரில் சேதி என்ற எலும்பு வைத்தியரும் ராம் சந்திர சர்மா என்ற கைவினைக்காரரும் சேர்ந்து உருவாக்கியது. றப்பர் பாதம், சப்பாத்துத் தேவையில்லை, குந்தலாம், சம்மணம் போடலாம், தண்ணிக்குள் இறங்கலாம். வெளிநாட்டில் செய்த விலைகூடிய காலோடு வரம்பில் நடக்க முடியாமல் அதை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டு, ஜெய்ப்பூர் காலோடு வயலுக்கு இறங்குகிறவர் எங்கள் படுவான்கரை அண்ணன். ஆனால் சேறும் உப்புத் தண்ணியும் அதையும் தின்னும்.

2017 இல் மிதிவெடி அகற்றி முடிந்த முதல் மாவட்டம் என்று மட்டக்களப்பை அறிவித்தபோது வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்களில் சிலர், இனிப் பிரச்சினை தீர்ந்ததுதானே என்று கேட்டார்கள். நிலத்தில் தீர்ந்தது, சரி. மிதித்தவர்களுக்கு இப்போது ஐம்பது வயது, சீனி வியாதியும் வந்து சேர்ந்திருக்கிறது, இருக்கிற மற்றக் காலுக்கும் ஆபத்து.

ஆகவே நாங்கள் கேட்டது திருத்த வேலைக்கும், உறைக்கும், பட்டறைக்கு வந்துபோகும் பஸ் காசுக்கும், ஊன்றுகோலின் அடியில் போடும் றப்பருக்கும். அப்படி எழுதினால் யாருக்கும் கண்ணீர் வராது, அதுவும் எனக்கு விளங்குகிறது. வெளிநாட்டில் இருந்து ஒரு அமைப்பு பெரிய தொகை தருகிறோம் என்றது, ஆனால் பயனாளி அழுதுகொண்டு நன்றி சொல்லும் வீடியோ வேண்டுமாம். வாகரை அக்காவிடம் கேட்டேன். "உறை மாத்துறதுக்கு என்னத்துக்குக் கா அழணும்?" என்றா. அந்தக் காசு வரவில்லை.

வந்த காசு கிலோமீற்றர் கணக்கில் வந்தது. ஒரு கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று ஒருவர் சொன்னால், ஓடி முடித்த தூரத்துக்குத் தருவார். கல்லடிச் சந்தையில் மரக்கறி விற்கும் ஒரு அம்மா எத்தனை கிலோமீற்றர் என்று கேட்டா, 42 உம் ஒரு 195 மீற்றரும் என்றேன். "அதென்ன அந்த மீற்றர், கிள்ளி வைச்ச மாதிரி?" 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்சர் அரண்மனையில் தொடங்கி அரச குடும்பம் இருந்த இடத்துக்கு முன்னால் முடிக்க வந்த தூரம் அது, 1921 இல் அதையே உலகம் முழுக்க நிரந்தரமாக்கினார்கள் என்று வகுப்பெடுத்தேன். ராணிக்காக ஓடுற தூரத்துக்குக் காசு தரமாட்டேன் என்று 42 க்கு மட்டும் எண்ணித் தந்தா.

ஓடப் பழகியதைச் சுருக்கமாகச் சொல்லலாம். எங்கள் தலைமுறைக்கு மரதன் என்றால் பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்பு வைக்கிறதுதான், வெறுங்காலோடு தார் றோட்டில், வழியில் யாராவது கையில் குளுக்கோஸ் கொட்டுவார்கள். நாற்பதைத் தாண்டிய பிறகு அந்த நினைப்பில் ஓட முடியாது. கல்லடிக் கடற்கரை மணலில் மெதுவாகத் தொடங்கி, பிறகு றோட்டுக்கு மாறினோம். ஆறு பேர், இரண்டு பெண்கள். கச்சான் அடிக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் விடிய நாலு மணிக்கே காற்றுச் சுடும், அதனால் ஓட்டத்தை மாரி முடிந்து பெப்ரவரிக்கு வைத்தோம். நாய்த் தொல்லையைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதலாம். பெண் பிள்ளைகள் காற்சட்டையோடு ஓடுவதைப் பற்றி ஊர் பேசியதையும் எழுதலாம், ஆனால் அந்தப் பிள்ளைகளே அதைக் கணக்கெடுக்கவில்லை, நான் எதற்கு?

ஒரு வயதானவர் சொன்னதை மட்டும் விட மனமில்லை. தேத்தண்ணிக் கடையில் இருந்துகொண்டு எங்களைக் கூப்பிட்டார். "அந்தக் காலத்தில றோட்டில ஓடினா சுடுவான். இப்ப ஓடினாக் காசு குடுக்காங்களாம்!" உண்மைதான். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் சென்றிக்கு, ஆமிக் காவலரணுக்கு, கிட்ட வந்தால் சைக்கிளால் இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும், ஓடுவது என்பது நினைத்தே பார்க்க முடியாத காரியம்.

ஓடிய நாள். விடிய மூன்றரைக்கு மட்டக்களப்பு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் தொடங்கினோம். அங்கிருந்து கல்முனை றோட்டால் போனால் காரைதீவுக்குள் மரதன் தூரம் வந்துவிடும், விபுலானந்த அடிகள் பிறந்த ஊரில் முடிப்பது எங்களுக்கும் பிடித்திருந்தது. பின்னால் ஒரு ஓட்டோவில் தண்ணி, ஜீவனி, வாழைப்பழம். கல்லடிப் பாலம் இருட்டிலேயே போய்விட்டது. காத்தான்குடியில் நடு றோட்டுப் பேரீச்சை மரங்களுக்குப் பக்கத்தால் போகும்போது சுபஹு தொழுகைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஆரையம்பதி, தாழங்குடா, குருக்கள்மடம் வரை பேச்சும் சிரிப்பும். களுதாவளையில் வெற்றிலைத் தோட்டங்களுக்கு மேலால் நல்ல வெளிச்சம் வந்துவிட்டது, பேச்சும் நின்றுவிட்டது.

களுவாஞ்சிகுடி தாண்டியதும் பிடித்தது சனி. உடம்பில் சேமித்து வைத்திருக்கும் மாச்சத்து 30 கிலோமீற்றர் அளவில் தீர்ந்துபோகும் என்று படித்திருந்தேன், கல்லாற்றுப் பாலத்தில் அதைத் தொடையால் படித்தேன். அந்த நேரம் நினைவுக்கு வந்தது உகணை ஐயா. முழங்காலுக்கு மேலே போனவர்களுக்குச் சும்மா நடப்பதற்கே மற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு அளவில் சக்தி செலவாகும் என்று தம்பி சொல்லியிருக்கிறான். அதை நினைத்ததும் வேகம் கூடியது என்று எழுதினால் நல்லாகத்தான் இருக்கும். கூடவில்லை. மருதமுனையில் நடந்தேன், பாண்டிருப்பில் நடந்தேன், கல்முனைச் சந்தைச் சனத்துக்குள் ஓடுகிற மாதிரி நடித்தேன். ஆறு பேரில் நாலு பேர் முழுத் தூரம், எல்லாருக்கும் முதலில் முடித்தது எங்களில் இளைய பெண் பிள்ளை.

வாங்கில் இருந்தவர்களில் ஒருவர் கூட முடிவிடத்துக்கு வரவில்லை. நாங்களும் கூப்பிட்டு நிறுத்தவில்லை. படுவான்கரை அண்ணனிடம் மட்டும் வருகிறீர்களா என்று கேட்டிருந்தேன். "வெட்டு நேரம் தம்பி, மெசின் அண்டைக்குத்தான் வருது, நீ ஓடி முடிச்சிட்டுச் சொல்லு" என்றார். மகாபோக அறுவடை நேரத்தில் ஒரு வயல்காரரிடம் கேட்கிற கேள்வியா அது!

சேர்ந்த காசின் கணக்கை உறவுக்காரர் ஒருவர் பார்த்து எழுதி, தந்த ஒவ்வொருவருக்கும் அனுப்பியிருக்கிறோம். லண்டனில் மச்சானும் அவனோடு சாப்பிடும், ஆப்கானிஸ்தானில் கால் போன அந்த ஆளும் சேர்ந்து அனுப்பியதுதான் பெரிய தொகை. ஏறாவூர்க் காக்காவுக்குப் புதுக் கிண்ணம் அச்செடுத்தாயிற்று. வாகரை அக்காவுக்கு உறைகளும், வருட முடிவு வரைக்கும் பஸ் காசும். உகணை ஐயாவுக்கு முழங்கால் மூட்டில் ஒரு திருத்தம், பாகம் கொழும்பில் இருந்து வர வேண்டும். படுவான்கரை அண்ணன் தனக்கு இப்போதைக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வெட்டு முடிந்த கையோடு பாதம் வெடித்து வந்து நின்றார்.

மிச்சக் காசு திருத்தத்துக்கென்று கிடக்கிறது. ஊன்றுகோல் றப்பர் மூன்று அளவில் வாங்கி வைத்திருக்கிறோம், தேவையானவர்கள் கம்பின் தடிப்பை அளந்துகொண்டு பட்டறைப் பக்கம் வந்தால் போதும், பெயரையும் அளவையும் தவிர வேறொன்றும் கேட்கமாட்டோம்.